தமாஷ் ஏரிக் கரையில் பட்டைத் தண்ணீர்

ஆம்பூருக்கு வெளியே மலையடியில் இருக்கிற தமாஷ் ஏரியை இப்போது ஒரு கிளப்பார் வாங்கிவிட்டார்கள். புதிதாக இரண்டு காவல்காரர்களைப் போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள் எண் எழுதிய இரும்புப் பலகை ஒன்றை நட்டு, இந்த எண்ணுக்கு ஏறினால் மதகைத் திற, அந்த எண்ணுக்கு இறங்கினால் மூடு என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். இருவரும் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, பலகை இல்லாத காலத்தில் எதைப் பார்த்துத் திறந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் ஏதோ சொல்லி அனுப்பினேன். சொன்னது எனக்கே திருப்தியாக இல்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நாலாம் வகுப்பு வரை படித்ததால் எழுத மட்டும் வரும். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. எழுதினால் எனக்காவது தெளிகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஜெர்மன் சண்டையின்போது தோலுக்கு நல்ல விலை வந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பெரிய சாயபு கானாற்றின் குறுக்கே, இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு மண் கரை போட்டார். மதகும், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கோடியும் மட்டும் கல் வேலை. மற்றதெல்லாம் செம்மண். மேட்டின் மேல் ஒரு சின்ன பங்களா, தண்ணீரில் ஒரு படகு. அந்த ஏரியை நம்பி ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. சுற்றுப்பக்கத்துக் குடியானவர்களுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. ஒருவர் கரைமேல் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ தண்ணிய வச்சுகிட்டு இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"பாப்பாங்க" என்றேன்.

"பாத்துட்டு?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஊரார்தான் அதற்குத் தமாஷ் ஏரி என்று பெயர் வைத்தார்கள். சாயபு வீட்டில் வேறு ஏதோ அழகான பெயர் சொல்வார்கள். அது என் வாயில் நுழையவில்லை.

நான் அதற்கு முன் அவருடைய தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோல் தூக்கிப் போடும் வேலையில் இருந்தேன். ஏரிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றபோது மேஸ்திரி நல்ல திடகாத்திரமான ஆட்களாகப் பார்த்து நிறுத்தினார். சாயபு அவர்களைத் தாண்டி என்னிடம் வந்தார். "இவன் தல நிமிர மாட்டான். இவனப் போடு" என்றார். காரணம் பிறகுதான் புரிந்தது. சாயபு வீட்டுப் பெண்கள் திரை கட்டிய படகில் ஏறி ஏரியைச் சுற்றுவார்கள். அப்போது கரையில் ஆண்பிள்ளை இருக்கக் கூடாது. ஆனால் காவலும் இருக்க வேண்டும். வெட்கப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று டேனரியில் என்னைக் கேலி செய்தார்கள். ஒருவிதத்தில் அது உண்மைதான். பெண்கள் வருகிற நாட்களில் நான் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையின் வெளிப்பக்கச் சரிவைப் பார்த்தபடி நிற்பேன். பின்னால் துடுப்புச் சத்தமும் சிரிப்பும் கேட்கும். இப்படி நின்று நின்று, ஏரியைவிட அந்த வெளிச்சரிவுதான் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

வேலை கற்றுக்கொடுத்தவர் நாயுடு. சர்க்கார் ஏரி வேலைகளில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாயபு அவரைக் கரைக்கு மேலாளாக வைத்துக்கொண்டார். நண்டு வளையை எப்படி அடைப்பது, பெருச்சாளி தோண்டிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தப் புல்லை விடுவது, எந்தச் செடியைப் பிடுங்குவது என்பதெல்லாம் ஒரு வருஷத்தில் பழகிப்போயிற்று. நாயுடு எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். காலையில் "கரை எப்படி இருக்கு?" என்பார். நான் சொல்வேன். சாயந்திரம் அதையே திரும்பக் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். வேறாக இருந்தால் உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கோபித்ததே இல்லை. ஆனால் அவர் குடையை எடுத்தால் நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

அவர் சொல்லித்தந்ததில் முக்கியமானது பீங்கான் தட்டு. வெளிச்சரிவு முடிகிற இடத்தில், கரையின் அடியோடு ஒரு சின்னக் கல் ஓடை உண்டு. மண் கரை எதுவானாலும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவெல்லாம் ஓடையில் சேர்ந்து ஒரு மூலையில் வந்து விழும். தினமும் காலையில் அந்தத் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்து வெயிலில் காட்ட வேண்டும். "தண்ணி வர்றது தப்பில்ல. மண்ணையும் இட்டுகினு வந்தாத்தான் தப்பு. உள்ள இருக்கிற மண்ணு கரைஞ்சு பொந்து விழுதுன்னு அர்த்தம். அப்புறம் கரை நிக்காது" என்பார். தெளிவாக இருந்தால் நல்லது, கலங்கினால் ஆபத்து. இவ்வளவு சுலபமான விதி வேறு எந்த வேலையிலும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு விதி சாயபு போட்டது. அவர் வாயால் சொல்லாமல் மதகைத் திறக்கவோ மூடவோ கூடாது. ஒரு தடவை நாயுடு மதகைச் சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிட்டார். அன்றைக்கென்று மதராஸிலிருந்து தோல் வாங்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, உடுப்பைக் கழற்றிவிட்டு நீந்தக் குதித்தார். இடுப்பளவு சேற்றில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டார். கயிறு போட்டு இழுத்தோம். அவர் சிரித்தார். சாயபு சிரிக்கவில்லை. அன்று முதல் அந்த விதி.

இப்படி வருஷங்கள் போயின. பிறகு தோல் விலை விழுந்தது, படகு உளுத்தது, பங்களாக் கதவுகளைக் கழற்றிப்போய் டேனரியில் மாட்டினார்கள். கடைசியில் கிளப்பார் கைக்கு ஏரி போனபோது என் வேலையும் முடிந்தது. அதிலெல்லாம் எனக்குக் குழப்பம் இல்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான். எனக்குப் புரியாதது அந்த ஐப்பசி மாதத்தில் நடந்த ஒன்றுதான்.

சாயபுவின் மூத்த மகனுக்கு வாணியம்பாடியில் பெண் எடுத்திருந்தார்கள். நிக்காஹ் முடிந்து, பெண் வீட்டார் எல்லாரையும் ஏரிக்கு அழைத்து விருந்து வைப்பது என்று ஏற்பாடு. தண்ணீர் பங்களாப் படிவரைக்கும் தளும்ப வேண்டும், பெண்கள் படியிலிருந்தே படகில் ஏற வேண்டும் என்பது சாயபுவின் ஆசை. அதற்காகக் கோடியில் பலகைகளைச் செருகித் தண்ணீரை வழக்கத்தைவிட மேலே நிறுத்தியிருந்தோம். விருந்துக்கு முன் சில நாள் விடாமல் மழை. கரை முழுக்கச் சேறு. வருகிறவர்களின் செருப்பு பாழாகிவிடும் என்று டேனரியிலிருந்து வண்டி வண்டியாகப் பட்டைச் சக்கையை அனுப்பினார்கள். தோல் ஊறி முடிந்த குழிகளிலிருந்து அள்ளிய ஆவாரம் பட்டைச் சக்கை. எங்கள் பக்கத்தில் எங்கே சேறு கண்டாலும் அதைத்தான் கொட்டுவோம். நடக்க மெத்து மெத்தென்று இருக்கும். கரைமேலும், வெளிச்சரிவில் இறங்குகிற படியோரமும் அதைப் பரப்பினார்கள். நானும்தான் பரப்பினேன். அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

விருந்தன்று காலை மழை விட்டிருந்தது. நாயுடு ஊரில் இல்லை. குடியாத்தத்தில் உறவில் ஒரு சாவு. மத்தியானத்துக்கு மேல் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருந்தார். நான் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு கல் ஓடைக்குப் போனேன். தட்டில் விழுந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது.

முதலில் பயப்படவில்லை. மேலே கொட்டிய சக்கை மழையில் ஊறி வடிகிறது என்று நினைத்தேன். பிறகு, சக்கைச் சாயத்தோடு மண்ணும் வந்தால் எப்படித் தெரியும் என்று தோன்றியது. தட்டைக் கீழே வைத்துத் தெளியவிட்டேன். அடியில் மெல்லிய வண்டல் தங்கியது. விரலில் தேய்த்தேன். பட்டைத் தூள் மாதிரியும் இருந்தது, செம்மண் மாதிரியும் இருந்தது. ஓடையில் விழுகிற தண்ணீர் நேற்றைவிட ஜாஸ்தியா என்று பார்த்தேன். ஜாஸ்திதான். ஆனால் ஏரியும் நேற்றைவிட மேலே நிற்கிறது. கோடிப் பலகைகளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஊறி உப்பிப்போய் அசையவில்லை. பங்களாவில் சமையல்காரர்கள் அடுப்பு மூட்டி தேக்சாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது?

கரைக்குக் கீழே கானாறு வளைகிற இடத்தில் ஒரு வரிசைக் குடிசைகள் இருந்தன. டேனரியில் பட்டை இடிக்கிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். கரை போனால் முதலில் போவது அந்த வரிசைதான். என் கால் தானாக அங்கே போயிற்று.

எல்லம்மாக்கா வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பட்டை இடிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. "இன்னாய்யா, சம்மந்தி வர்ற நாள்ல இங்க சுத்துற?" என்றாள்.

தட்டில் கண்டதைச் சொன்னேன். சொல்ல வெகுநேரம் ஆயிற்று. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"கரை உடையுமா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

"உடையாதா?"

"அதுவும் தெரியல."

அவள் புருஷன் உள்ளேயிருந்து சிரித்தான். "தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் நடந்து வந்தே?" என்றான்.

மதகைத் திறந்தால் ஏரி இறங்கிவிடும், கரைக்குப் பாரம் குறையும் என்றேன். ஆனால் கானாறு ஏற்கெனவே நிறைய ஓடுகிறது, மதகுத் தண்ணீரும் சேர்ந்தால் இந்த வரிசைக்குள் வரும் என்றும் சொன்னேன். மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"அப்ப தொறந்தாலும் எங்களுக்குத்தான், தொறக்காட்டியும் எங்களுக்குத்தான்" என்றாள் எல்லம்மாக்கா. முறத்தைக் கீழே வைத்தாள். "தொறந்தா எப்டி வரும்? ஓடி வருமா, நடந்து வருமா?"

"நடந்து வரும்."

"உடைஞ்சா?"

நான் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நடந்து வர்ற தண்ணிக்கு முன்னால நாங்க நடந்து போய்டுவோம். போய்த் தொற" என்றாள்.

சாயபு சொல்லாமல் திறக்கக் கூடாது என்றேன். சாயபு எங்கே என்று கேட்டாள். பெண் வீட்டாரை அழைத்துக்கொண்டு மோட்டாரில் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பானைகளை எடுக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். அவர்கள் மூட்டை முடிச்சோடு மேட்டில் ஏறிவிட்ட பிறகு எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

மதகின் மேல் ஏறி, கதவைத் தூக்குகிற திருகைச் சுற்றினேன். அடியில் கல் குழாயில் தண்ணீர் நுழைகிற உறுமல் காலில் வந்து தாக்கியது. முழுக்கத் திறந்த பிறகு, மூடிவிடலாமா என்று நினைத்தேன். தட்டில் இன்னொரு தடவை பிடித்தேன். அதே பழுப்பு.

சாயபுவின் மோட்டாரும் அதன் பின்னால் ஜட்காக்களும் வந்து சேர்ந்தபோது தண்ணீர் பங்களாப் படியை விட்டு வெகுதூரம் இறங்கியிருந்தது. படகு சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பெண்களைத் திரைக்குள் வைத்துவிட்டு சாயபு நேராகக் கரைக்கு வந்தார். பின்னால் பெண்ணின் மாமாவும் இன்னும் சிலரும் வந்தார்கள். "யார் சொல்லித் தொறந்தே?" என்றார். நான் தட்டை மட்டும் நீட்டினேன்.

சாயபு பணக்காரராகப் பிறந்தவர் இல்லை. இளவயதில் குழியில் இறங்கிக் கால் கருத்தவர். பட்டைத் தண்ணீரை நாக்கில் வைத்தே அது இன்னும் வேலைக்கு ஆகுமா, சத்துப் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். அன்றும் தட்டில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கொஞ்சம் நின்று, பக்கத்தில் துப்பினார்.

"பட்டை" என்றார்.

அந்த நேரத்தில்தான் நாயுடு ரயிலடியிலிருந்து வந்து சேர்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஓடையில் தானே புதிதாகத் தண்ணீர் பிடித்து, தட்டை வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"மண்ணு" என்றார்.

"நாயுடு, சின்ன வயசுலேர்ந்து இதத்தான் நக்கிப் பாத்துட்டு இருக்கேன்."

"நானும் சின்ன வயசுலேர்ந்து கரையத்தான் பாத்துட்டு இருக்கேன், சாயபு."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நீ என்ன சொல்கிறாய் என்று சாயபு கேட்டார். இரண்டு மாதிரியும் இருக்கிறது என்றேன். பெண் வீட்டாரில் யாரோ சிரித்தார்கள்.

மதகை மூடச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவருக்கு அது பட்டைதான் என்பதில் சந்தேகமே இல்லை. அப்போது மூடியிருந்தால்கூடப் படகு நடுவில் மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அவர் கரையின் மறுபக்கம் போய்க் கீழே பார்த்தார். வரிசைக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மேட்டில் அந்த ஜனங்கள் பானைகளோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் மாமா உருதுவில் ஏதோ சொன்னார். சேற்றைக் காட்டவா கூட்டி வந்தீர்கள் என்ற மாதிரி எனக்குப் பட்டது. சாயபு அதற்கு உருதுவிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் தோளில் கை போட்டு பங்களாவுக்கு அழைத்துப் போய்விட்டார். மூடு என்றும் சொல்லவில்லை, திறந்திருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

மறுநாள் ஏரி காலி. கல் ஓடையும் வறண்டுவிட்டது. நாயுடுவும் நானும் உட்சரிவில் இறங்கித் தேடினோம். ஓர் இடத்தில் முறத்தளவு பள்ளம் விழுந்திருந்தது. நாயுடு மூங்கில் கழியைக் குத்தினார். அது முழங்கை ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. "பாத்தியா" என்றார். ஆனால் அது முன்பு படகு கட்டுகிற முளை அடித்திருந்த இடம். முளையைப் பிடுங்கினபோது குழியைச் சரியாகக் கெட்டித்தோமா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. நாயுடுவிடம் முளையைப் பற்றிச் சொன்னேன். கழியை வெளியே இழுத்து, நுனியில் இருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயந்திரம் அவர் என்னை எதுவும் திருப்பிக் கேட்கவில்லை.

கீழ் வரிசையில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லம்மாக்கா வீட்டுச் சுவர் மட்டும் ஊறி உட்கார்ந்துவிட்டது. பானையைத் தூக்கிக்கொண்டு போகலாம், சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நான் மண்வெட்டியோடு போய் நின்றேன். கரை உடைந்திருந்தால் இந்த வரிசையே இருந்திருக்காது என்று நாயுடு சொன்னதைச் சொன்னேன். அது வெறும் பட்டைத் தண்ணீர் என்று சாயபு சொன்னதையும் சொன்னேன். எது நிஜமோ தெரியவில்லை என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"சுவரு போச்சு. அது எனக்குத் தெரியும். மீதிய நீ பேசிப் பேசி இன்னா ஆவப்போவுது? மண்ணக் கொழை" என்றாள்.

குழைத்தேன். ஏரிக்குள்ளிருந்து வண்டல் அள்ளி வந்து, வைக்கோல் வெட்டிப் போட்டு மிதித்தேன். அவள் உருண்டை பிடித்து அடுக்கினாள். அவள் புருஷன் சுவர் நேராக இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தான். ஓர் அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்தது வைக்க முடியும் என்பதால் பல நாள் ஆயிற்று. அந்த நாட்களில் மதகு திறந்தே கிடந்தது. மூடச் சொல்லி சாயபு ஆள் அனுப்பவில்லை. நாயுடுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கரைமேலிருந்த சக்கையை மட்டும் வழித்து எறியச் சொல்லி டேனரியிலிருந்து தகவல் வந்தது. பட்டைதான் என்று சொன்னவர் அதை ஏன் எடுக்கச் சொன்னார் என்று யோசித்தேன். அதற்கும் இரண்டு பதில் தோன்றியது: சாயம் இனித் தட்டைக் குழப்பக் கூடாது என்றா, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதா.

சுவர் கூரையைத் தொட்ட அன்று எல்லம்மாக்கா கையைக் கழுவிக்கொண்டு கரைப் பக்கம் பார்த்தாள்.

"மதக மூடலியா இன்னும்?"

"யாரும் சொல்லலக்கா."

"மூடு. அந்தப் பள்ளம் காலியா கெடக்கறது பாக்க நல்லா இல்ல."

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி மாதிரி இல்லை. அந்த ஏரியால் அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் பிரயோஜனம் கிடையாது. படகில் ஒரு நாளும் ஏறினவள் இல்லை. புதுச் சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. கீழே குடியிருக்கிறவள் சொல்கிறாளே என்று மட்டும் எனக்குப் பட்டது. அன்று சாயந்திரமே போய்த் திருகைச் சுற்றி மூடினேன். உள்ளே உறுமல் மெல்லமெல்ல அடங்கியது.

மறுநாள் காலையில் நாயுடு வந்தார். மதகுக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்த்தார்.

"யார் மூடச் சொன்னது? சாயபுவா?"

"இல்லீங்க. கீழ் வரிசைல எல்லம்மாக்கா."

அவர் சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, கோடிப் பலகையை எடுப்பதா, வைப்பதா என்று அந்தம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.